ஒன்றுக்குப் பத்து என்னும் கணக்கு

சாலைக்காகவோ கட்டடத்துக்காகவோ காட்டு மரம் ஒன்று வெட்டப்படும்போதெல்லாம், அதற்கு ஈடாகப் பத்துக் கன்றுகள் நடப்படும் என்று சொல்லிக்கொண்டு மனச்சாந்தி அடைவது இக்காலத்து வழக்கமாகிவிட்டது. இந்தக் கணக்கு எங்கே பிசகுகிறது என்று அறிய விரும்புவோர், வேதாரணியத்துக்குத் தெற்கே கோடியக்கரைக் காட்டிற்குச் சென்று, அங்கே மிகுந்து நிற்கும் பாலை மரங்களின் நிழலில் சற்று நேரம் இருந்துவிட்டு வருவது நலம்.

ஆண்டின் பெரும்பகுதி மழை காணாமல், வடகிழக்குப் பருவத்தை நம்பியே பிழைக்கும் மணற்பாங்கான அந்தப் பிரதேசத்தில், உப்புக் காற்றையும் கோடை வெயிலையும் தாங்கி, இலை உதிர்க்காமல் கரும்பச்சையாய் நிற்பது இந்த விருட்சத்தின் சுபாவம். சோழமண்டலக் கரையில் ஒரு காலத்தில் விரிந்து கிடந்த இவ்வகைக் காடு, இன்று கோடியக்கரை போன்ற சில இடங்களிலும், புத்துப்பட்டு ஐயனார் கோயில்காட்டைப் போலத் தெய்வத்தின் பெயரால் கோடரிக்குத் தப்பிய துண்டு நிலங்களிலுமே எஞ்சியிருக்கிறது.

பாக்கு நீரிணைக்கு அப்பால், இலங்கையின் வன்னியிலும் வில்பத்துவிலும் இதே பாலை ஓங்கி வளர்கிறது. வேப்பம்பழ அளவே உள்ள அதன் மஞ்சள் பழத்தைத் தின்றால் பால் உதட்டில் பிசினாய் ஒட்டும். ஆயினும் அதன் தித்திப்பை அறிந்த வன்னி மக்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. கரடியோ, பழம் பழுக்கும் காலத்தில் மரத்தின் மேலேயே ஏறியமர்ந்து வயிறார உண்டு, உண்ட விதையைக் காட்டின் வேறொரு மூலையில் எச்சத்தோடு இட்டுச் செல்கிறது.

உலக்கைப் பாலை என்று பெயர் பெறும் அளவுக்கு வைரம் பாய்ந்த இம்மரம், அந்த வைரத்தை அவசரமின்றியே சேர்க்கிறது. சப்போட்டாவை ஒட்டுக் கட்ட இதன் கன்றையே நாடும் தோட்டக்காரர்கள், அது ஒட்டுக்கேற்ற பருமன் அடைய எவ்வளவு பொறுமை வேண்டும் என்பதை நன்கு அறிவார்கள். அப்படியிருக்க, தலைமுறைகளைக் கண்ட ஒரு மரத்துக்கு, இந்த ஆண்டு நட்டு அடுத்த கோடையில் கருகிப்போகும் பத்துக் கன்றுகள் எவ்விதம் ஈடாகும்? 2018 நவம்பரில் கஜா புயல் கோடியக்கரைப் பகுதியைத் தாக்கியபோது காட்டு மரங்கள் பல சாய்ந்தன; சாய்ந்த மரத்தின் இடத்தை அருகில் நிற்கும் தாய் மரமும் விதை பரப்பும் பிராணிகளும் காலப்போக்கில் நிரப்பிவிடக் கூடும். ஆனால், மனிதன் வெட்டவெளியாக்கிய நிலத்தில் முதலில் வந்து குடியேறுவது பெரும்பாலும் சீமைக் கருவேலமே.

மரம் நடுவது வேண்டாம் என்பதன்று என் கருத்து. நிற்கும் காட்டைக் காப்பதே முதற் கடமையாகவும், அந்தந்த மண்ணின் விதையைக்கொண்டு நடுவது அதற்கடுத்த கடமையாகவும் இருக்கட்டும். நட்ட கன்றுகளை எண்ணுவதை விடுத்து, பத்தாண்டு கழித்து நிற்கும் மரங்களை எண்ணும் கிரமம் ஏற்படட்டும். ஐயனார் காட்டில் சுள்ளி ஒடிக்கவும் அஞ்சிய நம் முன்னோர், எதற்கு எத்தனை ஈடு என்று கணக்கிட்டவர்களல்லர். ஈடு செய்ய இயலாதது என்று ஒன்றை மதித்த அந்த அச்சத்தினால்தான் இன்றும் அங்கே நிழல் இருக்கிறது.