அறுவை ஒரு நாள், கவனிப்பு ஆயுள் முழுக்க

எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சைக்காக மருத்துவமனைக்குப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை கிலோ குறையும் டாக்டர்?" அடுத்தது, "எவ்வளவு செலவாகும்?" இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்ததும் பலர் தேதி குறித்துவிடுகிறார்கள். இரைப்பையில் எந்த முறையில் கைவைக்கப் போகிறார்கள், அந்த முறையோடு இனி வரும் முப்பது நாற்பது ஆண்டுகளை எப்படிக் கழிப்பது என்ற பேச்சுக்கு உரிய நேரம் ஒதுக்கப்படுவதில்லை. நோயாளிக்கு எல்லா முறைகளும் அவற்றின் பின்விளைவுகளும் எழுத்தில் சொல்லப்பட வேண்டும். அறுவை செய்யும் மருத்துவமனை, அதற்குப் பிந்தைய ஆண்டுகளுக்கும் பொறுப்பேற்க வேண்டும். இவ்விரண்டையும் தமிழக அரசு விதியாக்க வேண்டும் என்கிறோம்.

இது ஏதோ வசதி படைத்த சிலரின் பிரச்சினை அல்ல. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 40.4 சதவீதப் பெண்களும் 37 சதவீத ஆண்களும் கூடுதல் எடையோடு அல்லது உடல் பருமனோடு இருக்கிறார்கள். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் இது முறையே 30.9, 28.2 சதவீதமாக இருந்தது. இவர்களில் மிகச் சிலருக்கே அறுவைச் சிகிச்சை தேவைப்படும். ஆனால் அந்தச் சிலரின் எண்ணிக்கையும் கூடிக்கொண்டுதான் போகிறது.

அறுவைச் சிகிச்சையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. "வாயைக் கட்டினால் போதாதா, இதற்கு ஆபரேஷன் எதற்கு?" என்று உறவினர்கள் கேட்பது கொடுமை. தீவிர உடல் பருமன் ஒரு நோய். பசியைத் தூண்டும் சுரப்புகளும் மூளையும் இழந்த எடையைத் திரும்பப் பிடிக்க ஓயாமல் போராடுகின்றன. மன உறுதி இல்லாததால்தான் எடை குறையவில்லை என்று நோயாளிகளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதற்கு மருத்துவத்தில் எந்த ஆதாரமும் இல்லை. சுவீடனில் 1987இல் தொடங்கிப் பல்லாண்டுகள் நடந்த ஆய்வு, அறுவை செய்துகொண்டவர்களிடம் இறப்பு விகிதம் குறைந்ததைக் காட்டியது. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் நடந்த ஆய்வின் ஐந்தாண்டு முடிவுகள் 2017இல் வெளிவந்தன. மருந்து மட்டும் பெற்ற நீரிழிவு நோயாளிகளில் 5 சதவீதம் பேரே மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியை 6 சதவீதத்துக்குள் கொண்டுவர முடிந்தது. மருந்தோடு பைபாஸ் என்ற அறுவை செய்துகொண்டவர்களில் 29 சதவீதமும் ஸ்லீவ் என்ற அறுவை செய்துகொண்டவர்களில் 23 சதவீதமும் அதை எட்டினார்கள். நீரிழிவு வீட்டுக்கு வீடு புகுந்துவிட்ட மாநிலத்தில் இதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் எந்த அறுவை?

இன்று அதிகம் செய்யப்படுவது ஸ்லீவ். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மீதியை ஒரு குழாய்போல ஆக்கிவிடுகிறார்கள். குடலைத் தொடுவதில்லை. நேரமும் குறைவு. அதனால் 'எளிமையானது' என்ற பெயரோடு அது பரிந்துரைக்கப்படுகிறது. வெட்டி எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது என்பதும், எதுக்களிப்புத் தொல்லை உள்ளவருக்கு அது பொருந்தாமல் போகலாம் என்பதும் அதே அழுத்தத்தோடு சொல்லப்பட வேண்டும். குறுகிய குழாயில் அழுத்தம் கூடி, அமிலம் மேலே ஏறுகிறது. சுவிட்சர்லாந்தில் இரண்டு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வின் ஐந்தாண்டு முடிவில், ஸ்லீவ் செய்துகொண்டவர்களில் 31.8 சதவீதம் பேருக்கு எதுக்களிப்பு மோசமானது. பைபாஸ் செய்துகொண்டவர்களில் அது 6.3 சதவீதம்தான். பின்லாந்து ஆய்வில் பத்தாண்டுகள் கழித்து உள்நோக்கிக் குழாய் விட்டுப் பார்த்தபோது, ஸ்லீவ் தரப்பில் 31 சதவீதம் பேருக்கும் பைபாஸ் தரப்பில் 7 சதவீதம் பேருக்கும் உணவுக்குழாயில் புண் தென்பட்டது. எதுக்களிப்புக்குப் பயந்து இரவு இரண்டு தலையணை வைத்துப் படுக்கும் ஒருவர் இந்த எண்களை அறியாமல் ஸ்லீவுக்குக் கையெழுத்துப் போடுகிறார் என்றால் அதைச் சம்மதம் என்று சொல்ல முடியாது.

அப்படியானால் பைபாஸே மேல் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. பைபாஸில் இரைப்பையின் மேற்பகுதியை முட்டையைவிடச் சிறிய ஒரு பையாகப் பிரித்து, அதைச் சிறுகுடலில் சற்றுக் கீழே உள்ள பகுதியோடு இணைக்கிறார்கள். உணவு முன்சிறுகுடலைத் தொடாமலே போய்விடுகிறது. இரும்பும் கால்சியமும் அதிகம் உறிஞ்சப்படும் இடம் அதுதான். வைட்டமின் பி12 உறிஞ்சப்படுவதும் தடைபடுகிறது. இதையே ஒரே இணைப்போடு சுருக்கிச் செய்வது மினி பைபாஸ். 1997இல் அமெரிக்காவில் தொடங்கிய இந்த முறை இந்தியாவில் வேகமாகப் பரவியது. எடை நன்றாகவே குறைகிறது. ஆனால் 2019இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு, வழக்கமான பைபாஸைவிட இதில் வயிற்றுப்போக்கும் ஊட்டச்சத்துக் குறைபாடும் கூடுதல் என்று கண்டது.

இங்கே தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு கவலை எழுகிறது. அதே குடும்ப நலக் கணக்கெடுப்பு, 15 முதல் 49 வயது வரையுள்ள தமிழகப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாகச் சொல்கிறது. பருமனும் ரத்தசோகையும் ஒரே உடலில் சேர்ந்திருக்கும் பெண்கள் நம்மிடையே பலர் இருக்கக்கூடும். மாதவிடாயில் ஏற்கெனவே இரும்பை இழந்துகொண்டிருப்பவருக்கு, இரும்பை உறிஞ்சும் பாதையையே ஒதுக்கிவிடும் அறுவையைச் செய்வதற்கு முன் எத்தனை முறை யோசிக்க வேண்டும்? செய்யவே கூடாது என்றல்ல. சர்க்கரை நோயும் எதுக்களிப்பும் கடுமையாக இருந்தால் பைபாஸே அவருக்கு நல்லதாக இருக்கலாம். அப்போது இரும்பும் பி12-ம் ஆயுள் முழுக்கக் கிடைக்கும் என்ற உறுதி அவருக்கு வேண்டும். சைவம் மட்டும் உண்பவருக்கு இது இரட்டிப்பு முக்கியம்.

முறைகளின் மோகம் மாறக்கூடியது என்பதையும் மறக்கக் கூடாது. இரைப்பையின் கழுத்தில் பட்டை மாட்டும் பேண்ட் முறைக்கு 2001இல் அமெரிக்க அரசு அனுமதி அளித்தது. வெட்டுவதில்லை, கழற்றிவிடலாம் என்று சொல்லி உலகெங்கும் பெருமளவில் செய்தார்கள். பட்டை நழுவியது, இரைப்பைச் சுவரை அரித்தது, எடையும் எதிர்பார்த்த அளவு குறையவில்லை. மாட்டியவர்களில் பலர் மறுபடியும் அறுவை மேசையில் படுத்து அதைக் கழற்ற வேண்டியதாயிற்று. இன்று அதைச் செய்பவர்கள் மிகச் சொற்பம். அந்த விளம்பரத்துக்கு விலை கொடுத்தவர்கள் நோயாளிகள்தான்.

அறுவைக்குப் பிந்தைய வாழ்க்கைக்கு வருவோம். மருத்துவமனை விளம்பரங்களில் காட்டப்படும் 'முன், பின்' படங்களில் இடம்பெறாத பகுதி அது. முதல் சில வாரம் நீராகாரம், பிறகு மசித்த உணவு, அப்புறம் மெதுவாகத் திட உணவு. இது எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. அதன் பிறகு வருவதுதான் கடினம். நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் சாப்பிட வேண்டும். முட்டைக் கணக்கில் அது பத்து முட்டை. அரை இட்லியிலேயே நிறைந்துவிடும் வயிற்றில் இதை எப்படி ஏற்றுவது? முதலில் முட்டை, மீன், பருப்பு, பனீர், பிறகு காய், இடமிருந்தால் மட்டும் சோறு என்று இலையின் வரிசையையே தலைகீழாக்க வேண்டும். சாப்பாட்டுக்கு நடுவே தண்ணீர் கூடாது. கல்யாண வீட்டில் ஒரு கரண்டி பாயாசம் உள்ளே போன சிறிது நேரத்தில் பைபாஸ் செய்துகொண்டவருக்குப் படபடப்பு, வியர்வை, மயக்கம் வரலாம். "இவ்வளவுதானா சாப்பிடுற? இன்னும் ரெண்டு வச்சுக்கோம்மா" என்று அன்போடு பரிமாறும் அத்தைக்கு இதெல்லாம் யார் சொல்வது? அதனால்தான் உணவியல் ஆலோசனைக்கு நோயாளியோடு வீட்டில் சமைப்பவரும் உட்கார வேண்டும்.

மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் முடி கொட்டலாம். எடை வேகமாகக் குறைகையில் பித்தப்பையில் கல் சேரலாம். சர்க்கரை மாத்திரையைப் பழைய அளவிலேயே தொடர்ந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். பிள்ளை பெற விரும்பும் பெண்கள் 12 முதல் 18 மாதம் காத்திருக்க வேண்டும். ஆனால் எடை குறையக் குறைய மாதவிடாய் சீராகி, எதிர்பாராமல் கரு தங்கும் வாய்ப்பும் கூடுகிறது. கருத்தடை மாத்திரை உடலில் சரியாகச் சேருமா என்ற ஐயமும் உண்டு. ஓயாத வாந்தியை 'ஆபரேஷன் பண்ணினால் அப்படித்தான் இருக்கும்' என்று விட்டுவிட்டால், தயமின் என்ற வைட்டமின் குறைந்து மூளையும் நரம்பும் நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். உரிய நேரத்தில் போடும் தயமின் ஊசி இதைத் தடுத்துவிடும்.

இரண்டு ஆபத்துகளைத் தனியே அழுத்திச் சொல்ல வேண்டும். மூட்டுவலி என்றதும் மெடிக்கல் கடையில் "ஒரு செட் மாத்திரை குடுங்க" என்று கேட்டு வாங்குவது நம் ஊர்ப் பழக்கம். அந்தச் செட்டில் டைக்ளோஃபெனாக்கோ இபுபுரூஃபெனோ பெரும்பாலும் இருக்கும். பைபாஸ் செய்த இணைப்பில் அது புண்ணாக்கி, ரத்தம் கசியவும் ஓட்டை விழவும் வைக்கலாம். கடைக்காரருக்கு இவர் வயிற்றில் என்ன நடந்திருக்கிறது என்று தெரியாது. அடுத்தது மது. பைபாஸுக்குப் பிறகு சாராயம் ரத்தத்தில் மிக வேகமாக ஏறுகிறது. அறுவைக்கு முன்பு குடிநோய் இல்லாதவர்களிடமும் பின்பு அது தலைகாட்டுவதை அமெரிக்க ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. தெருவுக்குத் தெரு மதுக்கடை உள்ள மாநிலத்தில் அறுவைக்கு முன்னரே மனநல ஆலோசனையைக் கட்டாயமாக்குவதற்கு இது ஒன்றே போதும். எடை குறைந்த பிறகு தொங்கும் தோல், மாறிப்போன உறவுகள், சில ஆண்டுகள் கழித்துக் கொஞ்சம் எடை திரும்பும்போது வரும் குற்றவுணர்வு என்று மனதைக் கவனிக்க வேறு காரணங்களும் இருக்கின்றன.

இவ்வளவையும் தாங்க வேண்டிய நோயாளிக்கு நம் அமைப்பு தருவது என்ன? தனிநபர் மருத்துவக் காப்பீட்டில், உயரத்தோடு எடையை ஒப்பிடும் உடல் நிறைக் குறியீடு 40ஐத் தொட்டிருந்தால், அல்லது 35ஐத் தாண்டி இதய நோய், கட்டுப்படாத நீரிழிவு போன்றவை இருந்தால்தான் அறுவைக்குப் பணம் கிடைக்கும். 165 செ.மீ. உயரமுள்ளவருக்கு இது முறையே 109 கிலோ, 95 கிலோ. ஆனால் பன்னாட்டு அறுவை மருத்துவர் சங்கங்கள் 2022இல் வெளியிட்ட வழிகாட்டி, ஆசியர்களுக்கு 27.5ஐத் தாண்டினாலே இந்தச் சிகிச்சையை முன்வைக்கலாம் என்கிறது. காப்பீடு கிடைத்தாலும், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பிறகான செலவுகளைப் பெரும்பாலான பாலிசிகள் 60 அல்லது 90 நாள் வரைதான் ஏற்கின்றன. அதற்கு மேல் ஆயுள் முழுக்க வாங்கும் சத்து மாத்திரைகளும் ரத்தப் பரிசோதனைகளும் சொந்தக் காசு. பணம் தட்டுப்படும் மாதத்தில் முதலில் நிறுத்தப்படுவது அந்த மாத்திரைகள்தான்.

கண்காணிப்பின் நிலையையும் பார்ப்போம். 2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரின் தனியார் மருத்துவமனை ஒன்றில் எடைக் குறைப்பு அறுவைக்காகச் சேர்ந்த இளைஞர் உயிரிழந்தார். அரசு விசாரணை நடத்தியது. மருத்துவமனையின் பதிவு தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டது. அனுபவமுள்ள மையங்களில் இந்த அறுவையால் உயிரிழப்பவர்கள் ஆயிரத்தில் ஒருவர் முதல் மூவர் வரைதான். ஆகவே ஒரு மரணத்தை வைத்துச் சிகிச்சையையே குற்றம் சொல்ல மாட்டோம். ஆனால் உயிர் போனால் மட்டும் கண்விழிக்கும் கண்காணிப்பு எப்படிப் போதும்? பிழைத்து வீடு திரும்பி, ஐந்தாம் ஆண்டில் ரத்தசோகையோடும் தேய்ந்த எலும்போடும் முடங்குகிறவர் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997 முதல் இருக்கிறது. விதிகள் 2018இல் வந்தன. அந்த விதிகளில் சிலவற்றைச் சேர்ப்பது கடினமல்ல. தீவிர சிகிச்சைப் பிரிவும், பருமனானவருக்கு மயக்க மருந்து கொடுப்பதில் தேர்ந்த மருத்துவரும் இல்லாத இடத்தில் இந்த அறுவைக்கு அனுமதி கூடாது. ஸ்லீவ், பைபாஸ், மினி பைபாஸ், அறுவையே இல்லாத ஊசி மருந்து ஆகிய எல்லாவற்றின் நன்மை தீமைகளையும் தமிழில் அச்சிட்டுத் தந்து, முடிவெடுக்கக் குறைந்தது இரண்டு வாரம் அவகாசம் தர வேண்டும். 2025இல் எடைக் குறைப்பு ஊசிகளான மவுஞ்சாரோவும் வீகோவியும் இந்தியச் சந்தைக்கு வந்துவிட்ட நிலையில் ஊசியைப் பற்றிப் பேசாத ஆலோசனை முழுமையாகாது. அறுவைக்கான கட்டணத்திலேயே ஐந்தாண்டுத் தொடர் பரிசோதனை அடங்கியிருக்க வேண்டும். எத்தனை பேர் அறுவை செய்துகொண்டார்கள், எத்தனை பேர் தொடர்ந்து வருகிறார்கள், என்னென்ன சிக்கல்கள் என்று ஒவ்வொரு மருத்துவமனையும் ஆண்டுதோறும் அரசுக்குக் கணக்குத் தர வேண்டும்.

அரசின் பங்கும் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோகிறது. எடைக் குறைப்பு அறுவை செய்துகொண்டவர்களையும் அந்தப் பட்டியலில் சேர்த்தால், இரும்பும் கால்சியமும் வைட்டமின் டி-யும் வீட்டுக்கு வரும். பி12 ஊசியை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போட்டுவிடலாம். இதற்குப் புதிய கட்டடமோ புதிய துறையோ தேவையில்லை.

அறுவைக்குத் தயாராகும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. எனக்கு ஏன் இந்த முறை, ஏன் மற்றது இல்லை என்று கேளுங்கள். ஐந்தாண்டு கழித்து என்னைப் பரிசோதிக்கப் போவது யார் என்று கேளுங்கள். நெஞ்செரிச்சல், ரத்தசோகை, குடிப்பழக்கம் எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பதில்களை எழுத்தில் தர மறுக்கும் இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.