பிறகு படிப்பதற்கு எங்கே வைப்பது?

நமது சங்க அங்கத்தினர்களில் கைப்பேசி இல்லாதவர் இன்று மிகச் சிலரே. பசுந்தேயிலையின் மாத விலை, மழை முன்னறிவிப்பு, செடிநோய்க்குரிய மருந்து, நூல் மானியம் பற்றிய சுற்றறிக்கை ஆகியவற்றில் பெரும்பகுதி இப்பொழுது இணையப் பக்கங்களாகவே நம்மை வந்தடைகின்றது. வருகின்ற வேளையோ நமக்கு உகந்த வேளையன்று. முதுகில் கூடையுடன் தோட்டத்தில் நிற்கும்போது வரும். அல்லது தறிக்குழியில் கால் வைத்திருக்கும்போது வரும். ‘பிறகு படித்துக்கொள்வோம்’ என்று ஒதுக்கிவிடுகிறோம். அந்தப் ‘பிறகு’ வரும்போது பக்கம் இருந்த இடத்தில் இருக்குமா என்பதை அங்கத்தினர்கள் சற்று யோசிக்க வேண்டும்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். பிறகு படிக்க விரும்புவதை நமது சொந்த மின்னஞ்சல் பெட்டிக்கு நாமே அனுப்பி வைத்துக்கொள்வதுதான் நமக்கு ஏற்ற முறை. அப்படி அனுப்பும்போது ‘லிங்க்’ என்று சொல்லுகிறோமே, அந்த முகவரியை மட்டும் அனுப்பினால் போதாது. வாசகத்தையே அனுப்ப வேண்டும்.

இந்தக் காரியத்திற்கென்றே தனிச் சேவைகள் தோன்றியதுண்டு. 2007-ல் அமெரிக்காவில் நேட் வைனர் என்பவர் ‘ரீட் இட் லேட்டர்’ என்ற பெயரில் ஒரு சிறு கருவியை அமைத்தார். படிக்க நேரமில்லாத பக்கத்தை ஒரு பொத்தானை அழுத்திச் சேமித்துக்கொண்டு, ஓய்வான வேளையில் படிக்கலாம். 2012-ல் அது ‘பாக்கெட்’ என்று பெயர் மாறியது. 2017-ல் மொசில்லா நிறுவனம் அதனை வாங்கியது. லட்சக்கணக்கானோர் அதனை நம்பிப் பல வருஷங்களாகக் கட்டுரைகளைச் சேர்த்து வைத்தனர். 2025 மே மாதத்தில் அதனை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. ஜூலை 8-ந் தேதி சேவை நின்றது. சேர்த்தவற்றை எடுத்துக்கொள்ளச் சில மாத அவகாசம் தரப்பட்டது உண்மையே. ஆனால் எடுத்துக்கொள்ளக் கிடைத்தது தலைப்புகளும் முகவரிகளும் அடங்கிய பட்டியலேயன்றி, கட்டுரைகளின் வாசகமன்று. ‘ஆம்னிவோர்’ என்ற இன்னொரு சேவை 2024-ன் கடைசியிலேயே மூடப்பட்டுவிட்டது. 2008-ல் தொடங்கிய ‘இன்ஸ்டாபேப்பர்’ இன்றும் நடைபெறுகிறது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும்.

கூட்டுறவாளருக்கு இதில் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. நமது சங்கமொன்றைக் கலைப்பதானால், 1983-ம் வருஷத்துத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டப்படி உத்தரவு வேண்டும். கலைப்பாளர் நியமனம் வேண்டும். கணக்கும் சொத்தும் ஒப்படைக்கப்பட வேண்டும். அந்தச் சேவைகளிலோ சேர்த்து வைத்தவர்கள் எவருக்கும் வோட்டு இல்லை. வாடிக்கையாளர் என்பதற்கும் அங்கத்தினர் என்பதற்கும் உள்ள பேதம் கடை மூடும் நாளில்தான் தெளிவாகத் தெரிகிறது.

முகவரியை மட்டும் வைத்திருப்பதில் என்ன குறை என்று சிலர் கேட்கலாம். அமெரிக்காவின் பியூ ஆராய்ச்சி நிலையம் 2024-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013-ல் இருந்த இணையப் பக்கங்களில் நூற்றுக்கு 38, பத்து வருஷங்களுக்குப் பின் திறக்க முடியாதனவாகிவிட்டன. முகவரி கையில் இருக்கிறது, வீடு இடிந்துவிட்டது. இன்னும் தொல்லையானது, வீடு இருந்து, உள்ளே குடியிருப்பவர் மாறிவிடுவது. அதே முகவரியில் போன மாதம் ஒரு விலை, இந்த மாதம் வேறொரு விலை. தேயிலை வாரியம் பசுந்தேயிலைக்கு மாதந்தோறும் விலை அறிவிக்கிறது என்பதை நம் மலையில் அறியாதவர் இல்லை. ஒரு மாதத்துப் பட்டுவாடாவைப் பற்றிச் சந்தேகம் எழுந்தால், அந்த மாதத்து அறிவிப்பின் வாசகம் தேதியுடன் கையில் இருப்பவருடைய பேச்சு வேறு. ‘கைப்பேசியில் பார்த்தேன், இப்போது காணோம்’ என்பவருடைய பேச்சு வேறு. தணிக்கை மேஜையில் இரண்டாவது வகைப் பேச்சை நான் பல தடவை கேட்டிருக்கிறேன். சொல்லுபவர் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்லுகிறார். ஆயினும் பதிவு இல்லாத உண்மையைக் கொண்டு கணக்கைத் திருத்த எனக்கு அதிகாரமில்லை.

வாட்ஸ்அப் குழுவில் கிடக்கிறதே என்று சமாதானம் கூறுவோர் உண்டு. குழுவில் காலை வணக்கமும் கல்யாணப் பத்திரிகையும் ஒரே நாளில் அதனைப் புதைத்துவிடும். மேலும் கை மாறி வரும் வாசகத்தில் யார் எழுதினார், எப்போது எழுதினார் என்பவை அறுந்துபோய்விடுகின்றன. சென்ற வருஷத்து உறைபனி எச்சரிக்கை இந்த வருஷத்து எச்சரிக்கையாக நடமாடுவது இதனாலேதான்.

மின்னஞ்சலை நான் விரும்புவதற்குக் காரணம் அதன் வயது. 1971-ல் ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு முதல் கடிதத்தை அனுப்பினார். அதன் பின் எத்தனையோ கம்பெனிகள் தோன்றி மறைந்தன. மின்னஞ்சல் எந்தக் கம்பெனிக்கும் தனிச் சொத்தாகவில்லை. ஒரு கம்பெனியின் பெட்டியில் உள்ள கடிதங்களை இறக்கி வைத்துக்கொள்ளலாம். வேறொரு கம்பெனியின் பெட்டிக்கு மாற்றவும் செய்யலாம். பாலைக் கொடுக்கும் இடம் பிடிக்காவிட்டால் கேனை எடுத்துக்கொண்டு வேறிடம் போவது போன்ற சுதந்திரம் இது.

இரண்டாவது சௌகரியம் நமது மலைக்கே உரியது. மஞ்சூர்ப் பக்கத்திலும் பந்தலூர்ச் சரிவுகளிலும் ஒரு வளைவில் சிக்னல் உண்டு, அடுத்த வளைவில் இல்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதை மறந்திருக்க மாட்டோம். அவ்விதமான நாட்களில் மின்சாரமே நிச்சயமில்லை, இணையத்தைப் பற்றிக் கேட்பானேன்! ஆனால் கடிதத்தின் உள்ளே வாசகமாக ஒட்டி அனுப்பியது, ஒரு தடவை கைப்பேசிக்கு வந்து சேர்ந்துவிட்டால், சிக்னல் இல்லாமலே திறக்கும். அண்மைச் சில வாரங்களின் கடிதங்கள் கைப்பேசியிலேயே தங்குகின்றன. முகவரியை மட்டும் அனுப்பியிருந்தால் திறக்காது. இணைப்புக் கோப்பாக அனுப்பியதும், முன்பே ஒரு முறை இறக்கியிருந்தாலன்றித் திறப்பது சந்தேகமே.

செய்முறை கடினமன்று. ‘பகிர்’ என்ற பொத்தானை அழுத்தி மின்னஞ்சலைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் முகவரி மட்டுமே செல்லும். ஆகவே வாசகத்தைத் தேர்ந்து நகலெடுத்துக் கடிதத்தில் ஒட்டி, அடியில் முகவரியையும் சேர்த்து, நமக்கே அனுப்ப வேண்டும். பொருள் என்ற இடத்தில் விஷயத்தையும் பக்கத்தில் கண்ட தேதியையும் குறித்தல் அவசியம். அட்டவணைகளும் படங்களும் உள்ள பக்கமானால், ‘அச்சிடு’ என்பதன் வழியே பி.டி.எஃப். ஆக்கி இணைக்கலாம். வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை இருந்தால் இவ்வளவும் ஐந்து நிமிஷப் பாடம்.

நிற்க, இம்முறைக்கும் குறைகள் உண்டு. சேர்ப்பது சுலபமாகிவிட்டால் படிப்பது குறையும். வாங்கிய புத்தகங்களைப் படிக்காமலே அடுக்கி வைக்கும் வழக்கத்திற்கு ஜப்பானியர் ‘ட்சுண்டோக்கு’ என்று ஒரு தனிச் சொல்லே வைத்திருக்கின்றனர். பட்டதாரிகளாகிய எங்களில் பலர் வீட்டு அலமாரிக்கு அது நன்றாகவே பொருந்தும். பறித்த கொழுந்தை மூட்டையில் கட்டி இரண்டு நாள் வைத்தால் சூடேறிப் பாழாவதை நாம் அறிவோம். பத்துக்கு மேல் படிக்காதவை சேர்ந்தால், புதிதாகச் சேர்க்குமுன் பழையதைப் படிக்கவோ தள்ளவோ வேண்டும் என்பது நான் கடைப்பிடிக்கும் கணக்கு. இலையை எடை போட்டு லாரிக்குக் காத்திருக்கும் வேளை இதற்குப் போதும்.

மருந்து விஷயத்தில் மட்டும் சேர்த்து வைத்ததை நம்பியிருத்தல் கூடாது. தேயிலை வாரியத்தின் பயிர்ப் பாதுகாப்பு விதித் தொகுப்பு அவ்வப்போது திருத்தப்படுகிறது. அனுமதிக்கப்பட்ட மருந்துகளின் பழைய பட்டியலைப் பார்த்துத் தெளித்தால், இலை ஆலை வாசலிலேயே திரும்பக்கூடும். நெசவாளர்களுக்கு இந்த அபாயம் குறைவு. 1985-ம் வருஷத்துக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின்கீழ் கைத்தறிக்கென ஒதுக்கப்பட்ட 11 ரகங்களின் விவரம் போன்றவை அடிக்கடி மாறுவதில்லை. சிறுமுகையில் பட்டு நெய்பவர் அதனைப் பெட்டியில் வைத்திருந்தால், விசைத்தறிச் சரக்கைப் பற்றிப் புகார் எழுதும் நாளில் தேட வேண்டியிராது.

பெட்டியின் சொந்தக்காரரும் கொஞ்சம் கவனமாயிருத்தல் நலம். கூகுள் நிறுவனம் இலவசமாகத் தரும் 15 கிகாபைட் இடத்தில் கடிதங்களோடு புகைப்படங்களும் பங்கு கேட்கின்றன. கல்யாணப் படங்களால் இடம் நிரம்பினால் புதிய கடிதம் வராது. தவிர, இரண்டு வருஷம் தொடர்ந்து உபயோகிக்கப்படாத கணக்குகளை நீக்கும் முறையை அந்நிறுவனம் 2023 டிசம்பர் முதல் அமுலுக்குக் கொண்டுவந்துள்ளது.

சங்கங்களுக்கும் ஒரு யோசனை. காரியதரிசியின் சொந்தப் பெட்டியில் அல்லாமல், சங்கத்தின் பெயரிலேயே ஒரு பெட்டி இருத்தல் வேண்டும். மாத விலை அறிவிப்பு, மானிய உத்தரவு, சுற்றறிக்கை ஆகியவற்றின் வாசகம் வந்த அன்றே அதில் சேர வேண்டும். காரியதரிசி மாறும்போது பேரேட்டையும் இரும்புப் பெட்டிச் சாவியையும் ஒப்படைப்பது போலவே, அதன் கடவுச்சொல்லையும் எழுத்துமூலம் ஒப்படைத்து, புதியவர் அதனை உடனே மாற்றிக்கொள்ளலாம். பத்திரிகைக் கட்டுரைகளை மட்டும் அதிலிருந்து எடுத்து அச்சிட்டு எல்லோருக்கும் வழங்குமுன் உரியவரின் அனுமதியைப் பெற வேண்டும். 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் ஒருவர் தம் சொந்தப் படிப்புக்காக நியாயமான அளவில் உபயோகிப்பதற்கு இடம் தருகிறது.