நூறு டிகிரிக்குக் கீழே

ஏப்ரல் பிறப்பதற்குள் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் விடுதிக்காரர்கள் வெந்நீருக்கு ஒரு வழி பார்த்துவிட வேண்டும். அறைகளைக் கூட்டியவர்கள் பழைய ஹீட்டரைக் கழற்றிவிட்டு, டீசல் பர்னர் வைத்த பெரியதற்கு ஆர்டர் கொடுக்கிறார்கள். மேகம் மூடினால் சோலார் கைவிரிக்கும். அறைக்கொரு கீசர் என்றால் மின் இணைப்பு தாங்காது. டீசலோ கேட்ட நேரத்தில் தரும்: ஆயிரம் லிட்டர் தண்ணீரை 15 டிகிரியிலிருந்து 60-க்கு ஏற்ற ஏறக்குறைய ஆறு லிட்டர் போதும். சீசனுக்கு முந்தைய அவசரத்தில் மாட்டப்படும் இந்தக் கருவிகளைப் பற்றி இந்த இதழில் கொஞ்சம் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது.

1923-ஆம் ஆண்டின் பாய்லர் சட்டம் போய் 2025-இல் புதியது வந்துவிட்டது. நம் தொழிலைத் தொடும் வரி மட்டும் மாறவில்லை: தண்ணீரை 100 டிகிரி செல்சியசுக்குக் கீழே சூடாக்கும் கலன் பாய்லர் ஆகாது. ஆகவே அந்தச் சட்டத்தின்படி பதிவு இல்லை, ஆண்டுச் சோதனை இல்லை, இன்ஸ்பெக்டர் வரமாட்டார். எண்ணெய்க்கும் இதே கதைதான். பெட்ரோலியச் சட்டத்தில் டீசல் ‘பி’ வகுப்பு. ஓரிடத்தில் மொத்தம் 2,500 லிட்டருக்குள், எந்தக் கலனிலும் 1,000 லிட்டருக்கு மிகாமல் வைத்திருந்தால் உரிமம் தேவையில்லை. இந்த இரண்டு வரம்புகளுக்குள்ளும் அடங்கிவிடும் ஹீட்டர் அறையை, விவரம் தெரிந்த கண்ணோடு கடைசியாகப் பார்ப்பவர் பெரும்பாலும் அதைப் பொருத்தியவர்தான். அப்படியிருந்தும், பர்னர் பற்றிக்கொண்டு குழாயில் வெந்நீர் வந்ததும் கையெழுத்து வாங்கிக்கொண்டு மலையிறங்குவது நம்மிடம் பழக்கமாகிவிட்டது. ஓர் அளவைக்கூட எழுதி வைக்காமல் ஒப்படைத்த வேலை முடியாத வேலை என்பதுதான் இந்த இதழின் நிலை.

மலையில் நம்மை முதலில் ஏமாற்றுவது காற்று. ஒரு லிட்டர் டீசல் முழுதாக எரிய ஏறத்தாழ 12 கிலோ காற்று வேண்டும். சென்னை வெயிலில் அது பத்து கன மீட்டருக்குச் சற்று மேல். சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியிலோ அதே எடைக்குப் பதின்மூன்று கன மீட்டர் ஆகிறது. பர்னர் விசிறி தள்ளுவது கன அளவை; எடை அதற்குத் தெரியாது. சமவெளியில் சரிசெய்து கொண்டுவந்த பர்னரை மலையில் அப்படியே கொளுத்தினால் காற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும், நாசில் மட்டும் அதே எண்ணெயைத் தெளித்துக்கொண்டிருக்கும். வழக்கமாக நாம் விட்டுவைக்கும் கூடுதல் காற்று 25 விழுக்காடு அளவுதான். அதை உயரமே விழுங்கிவிடுகிறது. பிறகு வருவது கரி; கரியோடு சேர்ந்து கார்பன் மோனாக்சைடு.

ஏர் டேம்பரைத் திறந்து பாருங்கள். முழுதாகத் திறந்தும் காற்று போதவில்லை என்றால் நாசிலைச் சிறிதாக்குவதைத் தவிர வழியில்லை. பெயர்ப்பலகையில் போட்டிருக்கும் கிலோவாட் மலையில் கிடைக்காது என்பதை ஆர்டர் எடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். மாட்டிய பிறகு சொன்னால் சாக்கு என்றுதான் உரிமையாளர் நினைப்பார். சுடரின் நிறத்தைப் பார்த்தே டேம்பரைத் திருகும் மூத்த ஃபிட்டர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் கண் பெரும்பாலும் தவறுவதில்லை. ஆனாலும் கார்பன் மோனாக்சைடு எந்தக் கண்ணுக்கும் தெரியாது. புகைப்போக்கியில் துளையிட்டு அனலைசரின் குழலை விட்டு, ஆக்சிஜன் 4 முதல் 5 விழுக்காடு, கரியமில வாயு 12-ஐ ஒட்டி, கறைத்தாளில் புகை எண் 0 அல்லது 1 என்று வரும்வரை அங்கிருந்து நகரக் கூடாது.

பர்னருக்கு வேண்டிய காற்று அறைக்குள் எப்படி வருகிறது என்பது அடுத்த கேள்வி. பிரிட்டனின் கட்டட விதிகள், 45 கிலோவாட் வரையான எண்ணெய்க் கருவி அறைக் காற்றை எடுத்து எரிந்தால், முதல் 5 கிலோவாட்டைக் கழித்துவிட்டு ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் 550 சதுர மில்லிமீட்டர் நிரந்தரத் திறப்பு கேட்கின்றன. 40 கிலோவாட் கருவிக்குக் கணக்குப் போட்டால் பதினான்கு சென்டிமீட்டர் சதுரம் வரும். அதுவும் சல்லடையும் லூவர் தகடும் மறைக்கும் பரப்பு போக எஞ்சும் திறப்பு. மலையில் இதைவிடத் தாராளமாக விடுவதே சரி. நாம் விட்டுவந்த திறப்பைக் குளிருக்காகச் சாக்குப் பையால் அடைத்துவிடுகிறார்கள் என்று நம்மவர்கள் அலுத்துக்கொள்வது உண்டு. கதவருகே திறப்பு வைத்தால் அடைக்கத்தான் செய்வார்கள். அந்த அறையில் இரவுப் பணியாளர் படுத்துக்கொள்ளவும் செய்கிறார், ஏனென்றால் விடுதியில் கதகதப்பான இடம் அதுதான். திறப்பைக் கைக்கு எட்டாமல் வையுங்கள், படுக்கக் கூடாது என்று எழுதி ஒட்டுங்கள், கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றையும் விலைப்பட்டியலில் சேருங்கள்.

இதைவிட நுணுக்கமான வம்பு எக்ஸாஸ்ட் விசிறியால் வருவது. ஹீட்டர் அறை பல இடங்களில் சமையலறைக்கோ சலவை அறைக்கோ ஒட்டியே இருக்கிறது. புகைப்போக்கியின் இழுவை அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் நீர் அழுத்தத்தில் நடக்கிற சமாச்சாரம். சமையலறையின் பெரிய எக்ஸாஸ்ட் ஓடத் தொடங்கினால் அந்த இழுவையை எளிதில் வென்றுவிடும். மேலே போக வேண்டிய புகை கீழே திரும்பும். நாம் சோதிப்பதோ பகல் நேரத்தில், கதவுகள் திறந்து கிடக்கையில், சமையலறை ஓய்ந்திருக்கையில். எல்லா எக்ஸாஸ்ட்டையும் போடச் சொல்லி, கதவு ஜன்னல்களைச் சாத்தி, ஹீட்டர் பத்து நிமிடம் எரிந்த பிறகு டிராஃப்ட் கேஜை வைத்துப் பாருங்கள். அப்போது வரும் அளவுதான் உண்மையான அளவு. புகைப்போக்கியின் தலைப்பையும் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். பக்கத்தில் தகரக் கூரை போட்டு ஒரு மாடி எழும்பியிருந்தால் நேற்றைய உயரம் இன்றைக்குப் போதாது. மூன்று மீட்டருக்குள் இருக்கும் எதையும்விட 60 சென்டிமீட்டராவது மேலே நிற்க வேண்டும்.

ரீசெட் பட்டனைப் பற்றிச் சொல்லாமல் இந்த உரையை முடிக்க முடியாது. சுடர் பிடிக்கவில்லை என்று போட்டோசெல் சொன்னதும் கன்ட்ரோலர் எண்ணெயை நிறுத்தி லாக்-அவுட் ஆகிறது. அது கருவியின் புத்திசாலித்தனம். காலையில் வெந்நீர் கேட்டு விருந்தினர் சத்தம் போட, ரூம் பாய் ஓடிவந்து பட்டனை அழுத்துகிறார். மறுபடி, மறுபடி. மணிக்கு 10 லிட்டர் எரிக்கும் பர்னர் ஒவ்வொரு முயற்சியிலும் பத்து விநாடி தெளித்தால் 28 மில்லிலிட்டர் உள்ளே போகும். பத்துத் தடவை அழுத்தினால் கால் லிட்டருக்கு மேல் எரியாத டீசல் எரிகூடத்தில் தேங்கியிருக்கும். பதினொன்றாவது முறை தீப்பொறி சரியாக விழுந்துவிட்டால் கதவும் புகைக்குழாயும் தெறித்துப் போகலாம். ஒருமுறைக்கு மேல் அழுத்தாதே, ஆளைக் கூப்பிடு என்று பட்டனுக்குப் பக்கத்திலேயே தமிழிலும் இந்தியிலும் எழுதி ஒட்டுங்கள். அந்த வேலையில் இருப்பவர்கள் இப்போது இரண்டு மொழிக்காரர்களும்தான். கூப்பிட்டால் வருவதற்கு நம்மிடம் ஆள் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

தண்ணீர்ப் பக்கத்தில் மலை இன்னொரு கணக்கையும் மாற்றுகிறது. ஊட்டியில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும். காற்றுக்குழாய் வைத்த திறந்த அமைப்பில் மேல்தொட்டி ஹீட்டருக்கு ஒரு மீட்டர் மேலே மட்டும் இருந்தால், ஹீட்டருக்குள் கொதிநிலை 95, 96. ஹை-லிமிட் தெர்மோஸ்டாட்டை 95-இல் வைத்துவிட்டு வருபவர், கொதித்த பிறகு கருவியை நிறுத்தச் சொல்லிவிட்டு வருகிறார். 85-க்கு மேல் வைக்க எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை. காற்றுக்குழாயில் வால்வு வைப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

மூடிய அமைப்பில் விரிவு வேறு கதை. 20-லிருந்து 60-க்குச் சூடாகும்போது தண்ணீர் ஒன்றரை விழுக்காடு பெருகும். ஆயிரம் லிட்டருக்கு 15 லிட்டர். நான்-ரிட்டர்ன் வால்வு போட்ட குழாயில் அது திரும்பிப் போக இடமில்லை. எக்ஸ்பான்ஷன் டேங்க் வைக்காவிட்டால் சேஃப்டி வால்வு தினமும் சொட்டும். சொட்டுவதைப் பார்த்து யாராவது பிளக் அடித்துவிடுவார்கள். அதன்பின் அந்த அறையில் இருப்பது குண்டு. சேஃப்டி வால்வின் வெளிக்குழாயைக் குறுக்காமல், வால்வு எதுவும் வைக்காமல், தரையை ஒட்டிக் கொண்டுவந்து விடுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

எண்ணெய் லைனுக்கு ஜி.ஐ. பைப் வேண்டாம், துத்தநாகம் டீசலோடு சேர்ந்து கசடாகி நாசிலை அடைக்கும். காப்பர் குழாய், ஃபிளேர் நட். டெஃப்லான் டேப் இழைகள் பம்புக்குள் போய்விடுமென்பதால் அதுவும் வேண்டாம். டிரம்மை ஸ்டாண்டில் ஏற்றி வைத்திருந்தால், பர்னருக்கு மேலே வெப்பம் பட்டதும் தானே மூடும் ஃபயர் வால்வு கட்டாயம்.

இவ்வளவையும் செய்ய ஒரு முழு நாள் பிடிக்கும், அனலைசரும் சும்மா வருவதில்லை. போட்டிக்காரர் அரை நாளில் முடித்துக் கொடுப்பார் என்ற பயம் புரிகிறது. அதற்காக அந்த நாளின் கூலியைக் கருவியின் விலைக்குள் ஒளிக்காதீர்கள். கமிஷனிங் சோதனை என்று தனி வரியாகக் காட்டுங்கள். ஆக்சிஜன், கார்பன் மோனாக்சைடு, புகை எண், எக்ஸாஸ்ட் ஓடும்போது இழுவை, பம்ப் அழுத்தம், ஹை-லிமிட் விழுந்த வெப்பம் ஆகிய ஆறு அளவுகளையும் தேதியோடு எழுதி, இரண்டு தரப்பும் கையெழுத்திட்டு, ஹீட்டர் அறைச் சுவரில் மாட்டுங்கள். அந்த வரியை அடித்துவிடச் சொல்லும் உரிமையாளர் எதை அடிக்கிறார் என்று தெரிந்தே அடிக்கட்டும். அப்படி அடித்தவரின் ஹீட்டரைக் கொளுத்தித் தர மாட்டேன் என்று சொல்லும் உரிமை நமக்கும் இருக்கிறது.