தலைமைப் பண்புக்கு எழுத்துத் தேர்வு

சென்ற வாரம் பேத்தி நேர்காணலுக்குப் போய் முகம் வாடித் திரும்பினாள். "தலைமைப் பண்பு பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறீர்கள். நீங்கள் பொறுப்பேற்று முடித்த ஒரு வேலையைச் சொல்லுங்கள்" என்றார்களாம். "சொல்ல ஒண்ணுமே இல்ல தாத்தா" என்றாள்.

பாடத்தைக் குறை சொல்ல மாட்டேன். 2019-இல் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட 'ஜீவன் கௌசல்' பாடத்திட்டத்தில் தலைமைப் பண்பு உண்டு. பயோடேட்டா, நேர்காணல், குழு விவாதமும் உண்டு. எங்களுக்கு இதையெல்லாம் யார் சொல்லித்தந்தார்கள்? பிரெஞ்சு வழியில் பிரெவே முடித்துப் புதுச்சேரி அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக நுழைந்தவன் நான். கோப்புகளோ ஆங்கிலத்தில். (பிரெஞ்சில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதிய என் முதல் குறிப்பை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது.) சூப்பரிண்டெண்ட் திட்டவில்லை. சிவப்பு மையில் திருத்திவிட்டு, "தம்பி, நாளைக்கு நீயே எழுதி நேரா அதிகாரிகிட்ட கொண்டுபோ" என்றார். அன்றிரவு தூக்கமில்லை. தப்பு வந்தால் என் தலையில்தான் என்று தெரிந்த பிறகே வேலை பிடிபட்டது.

பேத்தியின் கல்லூரியில் இந்தப் பாடத்துக்கு எழுத்துத் தேர்வோடு சரி. அதற்குப் பதில் விடுதி மெஸ் கணக்கை ஒரு பருவம் மாணவர்களிடம் விட்டுப் பார்க்கலாமே! கோடையில் ஏதாவது அலுவலகத்துக்கு அனுப்பலாம், உதவித்தொகையோடு. பஸ் காசுக்கே வழியில்லாத பிள்ளை சும்மா வேலை பார்க்க எப்படி வரும்? கம்பெனி வைத்திருப்பவர் பிள்ளைக்கு அனுபவம் வீட்டிலேயே கிடைத்துவிடும். மற்றவர்களுக்குக் கல்லூரிதான் தரவேண்டும்.

பேத்தி இப்போது எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் தண்ணீர்க் கணக்கை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நேற்றே செயலாளரோடு ஒரு சண்டை.