கொடி ஏறும்போது விலையும் ஏறலாமா?



ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்துக் கிறிஸ்துமஸ் சந்தை 1434-ல் தொடங்கியது. கடுங்குளிரிலும் வெளிநாட்டார் தேடி வருகிறார்கள். அங்கே பேர்போன சரக்கு எது? உலர்பழம் போட்ட ஒரு ரொட்டிதான்! சந்தையின் பெயரே அந்த ரொட்டியின் பழைய பெயரிலிருந்து வந்தது. டிரெஸ்டன் வட்டாரத்துக்கு வெளியே சுட்டதை டிரெஸ்டன் ரொட்டி என்று விற்கச் சட்டம் விடாது. தரத்தில் அவ்வளவு கண்டிப்பு.

நமக்கு மண்டைக்காட்டு மாசிக் கொடை, பத்து நாள். கேரளத்துப் பெண்கள் இருமுடி கட்டி வருகிறார்கள். பொங்கலுக்குப் பச்சரிசி, வெல்லம். தலைவலி தீர நேர்ந்துகொண்டவர்களுக்கு மண்டையப்பம். எல்லாம் நம் பலசரக்குச் சாமான்தான். ஆனால் பலர் அரிசி, வெல்லத்தை ஊரிலிருந்தே வண்டியில் கொண்டுவந்துவிடுகிறார்கள். ஏன்? கொடி ஏறியதும் சில கடைகளில் விலையும் ஏறுகிறது. மற்ற நாளில் விலைபோகாத கசிந்த வெல்லம் அன்று வெளியே வருகிறது. பழியோ திருவிழாக் கடைக்காரன் மேல்! அவன் பத்தாம் நாள் மூட்டை கட்டிவிடுவான். கெட்ட பெயர் நமக்குத்தான் மிஞ்சும்.

கொடியேற்றத்துக்கு முன்பே சங்கம் கூடி, பச்சரிசி, வெல்லம், தேங்காய்க்கு ஒரே விலை எழுதிக் கடைதோறும் தொங்கவிட வேண்டும். நல்ல வெல்லம் கொள்முதல் விலைக்கே தர நான் தயார். லாபம் குறையுமே என்பார்கள். குறையட்டும், பத்து நாள்தானே!