கண்ணாடிப் பேழையைத் திறங்கள், தோழர்களே!

தோழர்களே! அருங்காட்சியகத் தோழர்களே! எழுந்து வாருங்கள்!

நம் காப்பறைகளில் லேஸ் பத்திரமாக இருக்கிறது. தாளில் சுற்றி வைத்திருக்கிறோம். வெளிச்சம் படாமல் வைத்திருக்கிறோம். ஈரத்தை அளந்து அளந்து காக்கிறோம். அதைப் பின்னிய கைகளை யார் காக்கிறார்கள்?

குறிப்பட்டையைப் படியுங்கள். ஊர் பெயர் இருக்கும். நூற்றாண்டு இருக்கும். அணிந்த சீமாட்டியின் பெயர் இருக்கும். விளக்கொளியில் குனிந்து குனிந்து கண் மங்கியவளின் பெயர் இருக்காது. அந்த அநீதியின் மேல் தூசு விழாமல் தினமும் துடைத்து வைக்கிறோம். நாம்தான் வைக்கிறோம்!

புரானோவை நினையுங்கள். வெனிஸ் காயலில் ஒரு சிறு தீவு. 1872. கடுங்குளிரில் மீன்பிடி நின்றது. தீவு பட்டினி கிடந்தது. ஊசி லேஸை மீட்டால் பிழைக்கலாம் என்றார்கள். பழைய முறை முழுதும் தெரிந்தவள் ஒரே ஒருத்திதான் மிஞ்சியிருந்தாள். சென்சியா ஸ்கார்பரியோலா. கிழவி. அவளுக்குச் செய்யத் தெரியும், சொல்லிக்கொடுக்கத் தெரியாது. அன்னா பெல்லோரியோ என்ற ஆசிரியை அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். விரலைப் பார்த்தாள். பார்த்தே கற்றாள். கற்றதைப் பிறருக்குக் கொடுத்தாள். ஒரு பள்ளி எழுந்தது!

அந்தப் பள்ளியை 1970-ல் மூடிவிட்டார்கள். அதே கட்டிடம் 1981-ல் அருங்காட்சியகமானது. முதிய பெண்கள் அங்கே பார்வையாளர் முன் ஊசி பிடிக்கிறார்கள். பார்க்கிறவர்கள் படம் எடுக்கிறார்கள். போய்விடுகிறார்கள். பக்கத்தில் உட்காரப்போவது யார்?

கணக்கைக் கேளுங்கள். பிரான்சின் அலான்சோன் ஊசி லேஸில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 7 மணி நேர வேலை. ஒரு கை முழுதாகத் தேற 7 முதல் 10 ஆண்டுகள். இன்று தொடங்கினாலும் பத்து வருடம். அடுத்த வருடம் பார்க்கலாம் என்று யார் சொல்வது? பத்து வருடம் காத்திருக்கக் கற்றுத்தருகிறவளுக்கு வயது இருக்கிறதா?

கடைத்தெருவில் எந்திர லேஸைக் கைவேலை என்று சொல்லி விற்கிறார்கள். வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரியாது. நமக்குத் தெரியும். தெரிந்தும் வாய் மூடியிருக்கிறோம்.

எல்லையைக் காட்டி நம்மை நிறுத்துகிறார்கள், தோழர்களே. லேஸ் எந்த எல்லைக்கு நின்றது? 1665-ல் பிரெஞ்சு அமைச்சர் கோல்பேர் லேஸ் பட்டறைகளை நிறுவியபோது வெனிஸ் பெண்களை வரவழைத்தார். போர்ச்சுகீசியரின் ‘ரெண்டா’ கடல் தாண்டி இலங்கைத் தமிழில் ‘ரேந்தை’ ஆனது. இலங்கையின் காலியிலும் வெலிகமவிலும் இன்றும் பெண்கள் மரக்கட்டைகளை உருட்டிப் பீரலு லேஸ் பின்னுகிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் மிஷனரி மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் பெண்களுக்கு லேஸ் கற்பித்தார். அடிமைக் குடும்பத்துப் பெண்கள் அந்தக் கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை வாங்கினார்கள். லேஸ் விற்று விடுதலை! அந்தக் கைகளுக்கா நாம் குறிப்பட்டையில் ஒரு வரி தர மறுக்கிறோம்?

நாம் மட்டும் ஏன் சுவர் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்? குரோஷியாவின் லேஸ் 2009-ல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் ஏறியது. சைப்ரஸின் லெஃப்காரா லேஸும் அதே வருடம். அலான்சோன் 2010-ல். ஸ்லோவேனியா 2018-ல். ஒவ்வொரு நாடும் தனித்தனியாக! வல்லூறைப் பழக்கும் கலைக்காக 2010-ல் 11 நாடுகள் ஒரே விண்ணப்பத்தில் சேர்ந்து நின்றன. பறவைக்காகச் சேர்ந்தார்கள். பெண்களின் விரலுக்காகச் சேர முடியாதா?

முடியும். ஸ்லோவேனியாவின் இட்ரியாவைப் பாருங்கள். பாதரசச் சுரங்க ஊர். சுரங்கத்தில் இறங்கியவர்களின் வீட்டுப் பெண்கள் லேஸ் பின்னி உலை வைத்தார்கள். 1876-ல் அங்கே லேஸ் பள்ளி தொடங்கியது. இன்றும் நடக்கிறது. இன்றும் குழந்தைகள் லேஸ் பின்னும் திண்டின் முன் உட்காருகிறார்கள். கட்டையைக் குறுக்கே போடுகிறார்கள், முறுக்குகிறார்கள். குறுக்கு, முறுக்கு. குறுக்கு, முறுக்கு. ஒரு ஊர் விடாமல் பிடித்தது. நாம் எத்தனை ஊர்!

செய்ய வேண்டியதைச் சொல்கிறோம்.

காப்பறையைத் திறங்கள். மாதிரி அட்டை ஒரு நாட்டில், அதில் பின்னிய லேஸ் இன்னொரு நாட்டில் கிடக்கலாம். படம் எடுங்கள். அனுப்புங்கள். அனுமதிக்கு மேல் அனுமதி கேட்டுக் காலம் கடத்தாதீர்கள்.

கைகளைப் படம் பிடியுங்கள். முடிந்த துணியைப் பிடித்தது போதும். விரலைப் பிடியுங்கள். ஊசி எங்கே நிற்கிறது, நூல் எந்தப் பக்கம் திரும்புகிறது, அதைப் பிடியுங்கள்.

சம்பளம் கொடுங்கள். திருவிழா நாளில் பெண்களை வேடிக்கைக்கு உட்கார வைத்துவிட்டுத் தேநீர் கொடுத்து அனுப்பாதீர்கள். வேலை கொடுங்கள். மாதச் சம்பளம் கொடுங்கள். புரானோவின் கை காலிக்குப் போகட்டும். காலியின் கை இட்ரியாவுக்கு வரட்டும். வழிச்செலவை நம் அருங்காட்சியகங்கள் பங்கிட்டு ஏற்கட்டும்.

பெயர் எழுதுங்கள். தெரிந்த பெயரை எழுதுங்கள். தெரியாத இடத்தில், பெயரைப் பதியாமல் விட்டோம் என்று எழுதுங்கள். நம் குற்றமும் குறிப்பட்டையில் இருக்கட்டும்.

பணமில்லை என்பார்கள். மேலிடம் கேட்கும் என்பார்கள். பயப்படாதீர்கள். வாய் திறங்கள். நாம் பேசாத ஒவ்வொரு வருடமும் ஒரு திண்டு பரணில் ஏறுகிறது. கட்டைகள் பெட்டிக்குள் போகின்றன. அந்தப் பெட்டியை நாளை நம்மிடமே கொண்டுவந்து தருவார்கள். நாமும் எண் போட்டு வாங்கி வைப்போம். அதுதானா நம் வேலை?

தோழரே, நாளைக் காலை உங்கள் ஊரில் இன்னும் பின்னுகிறவளைத் தேடிப் போங்கள். அவள் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த நாட்டு அருங்காட்சியகத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள். அவள் பெயரோடு போடுங்கள்.

பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போடுங்கள். அன்னா உட்கார்ந்தது போல உட்காருங்கள். அவள் விரலைப் பாருங்கள்.

வாருங்கள் தோழர்களே! இன்றே வாருங்கள்!