அப்புச்சியின் அம்பாசிடரா, பக்கத்து வீட்டு பத்மினியா?

பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் அப்புச்சி வீட்டில் ஒரு பழைய அம்பாசிடர் நிற்கிறது. பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பிரீமியர் பத்மினி. கோயில் நோன்பி வந்தால் போதும், 'எது நல்ல வண்டி?' என்ற சண்டை தொடங்கிவிடும். இந்த வாரம் நாமே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாமா?

பிறப்பு: இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அடிப்படையாகக் கொண்டது அம்பாசிடர். மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் தயாரானது. பத்மினியோ இத்தாலியின் ஃபியட் 1100 வழி வந்தது. மும்பை குர்லாவில் உருவானது. 1964-ல் ஃபியட் 1100 டி, 1974 முதல் பத்மினி என்று பெயர் மாறியது.

இன்ஜின்: பழைய பெட்ரோல் அம்பாசிடரில் 1,489 சிசி, சுமார் 50 குதிரைத்திறன். பத்மினியில் 1,089 சிசி, சுமார் 40. இரண்டிலுமே கியர் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில்தான். 1990-களில்தான் அம்பாசிடருக்கு 1.8 லிட்டர் இசுசு இன்ஜின் வந்தது.

எடை: அம்பாசிடர் சுமார் 1,100 கிலோ, பத்மினி சுமார் 900 கிலோ. வகுத்துப் பாருங்கள். ஒரு குதிரைத்திறன் இழுக்க வேண்டிய எடை இரண்டிலும் ஏறக்குறைய 22 கிலோ! ஆள் ஏறாதவரை இரண்டும் சமம்தான்.

ஐந்து பேரும் மூட்டையும் சேர்த்து 350 கிலோ ஏற்றினால்? அம்பாசிடருக்கு 29 கிலோ, பத்மினிக்கு 31. மேடு ஏறும்போது சின்ன இன்ஜின்தான் முதலில் திணறும். தேங்காய் மூட்டையோடு குடும்பத்தையும் ஏற்றிய பண்ணை வீடுகள் அம்பாசிடரை விரும்பியதில் வியப்பில்லை. டவுனுக்குள் வளைத்துத் திருப்ப, சின்ன உடம்புக்கார பத்மினிதான் சௌகரியம்.

2014-ஐ மறக்க முடியாது. 'பண்ணையாரும் பத்மினியும்' படம் வந்த அதே ஆண்டில்தான் அம்பாசிடர் தயாரிப்பும் நின்றது.

இப்போது விஷயத்துக்கு வருவோம். 'சும்மா நிக்குது, எடைக்குப் போட்டுரலாம்' என்கிறார் மாமா. அப்புச்சி பதிலே சொல்வதில்லை. தினமும் காலையில் துடைத்துவிட்டுப் போகிறார்.

மாமாவிடம் நான் சொன்னது இதுதான். 2021 விதிப்படி, முதல் பதிவு முடிந்து 50 ஆண்டுகளைத் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத சொந்த உபயோகக் காரை 'விண்டேஜ்' என்று பதியலாம். எண்ணில் 'விஏ' எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டுகள் செல்லும். ஆனால் கண்காட்சி, விண்டேஜ் ரேலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று மட்டும்தான் ஓட்டலாம். தினசரி சந்தைக்கு எடுத்துப் போக முடியாது. முதல் பத்மினிகள் அண்மையில்தான் அந்த 50-ஐத் தொட்டன.

அதனால், எடைக்குப் போடும் முன் ஆர்.சி. புத்தகத்தில் முதல் பதிவுத் தேதியைப் பாருங்கள். குழந்தைகளோடு அவிநாசி சாலை ஜி.டி. கார் அருங்காட்சியகத்துக்கும் ஒருமுறை போய் வாருங்கள். எங்கள் வண்டிக்கு 50 நிறைய இன்னும் இரண்டு வருஷம். அதுவரை காத்திருக்க மாமா ஒப்புக்கொண்டுவிட்டார்.

உங்கள் வீட்டில் நிற்பது எது?